உறைக்குள் இருந்த வாள்

ஜப்பானின் கபுக்கி அரங்கில் ஒரு நாடகம் மட்டும் பிற நாடகங்களைப்போல் தொடங்குவதில்லை. திரை விலகும்முன் சிறு பாவை ஒன்று தோன்றி நடிகர்களின் பெயர்களை அறிவிக்கிறது. பின்னர் மரக்கட்டைகள் ஒன்றோடொன்று தட்டப்படும் ஓசை எழ, திரை மிக மெதுவாக விலகுகிறது. அந்தத் தட்டொலி நாற்பத்தேழு முறை கேட்கவேண்டும் என்பது மரபு. மேடையில் இருப்போர் கண்களை மூடித் தலைகவிழ்ந்து உயிரற்ற பாவைகளைப்போல் அசைவின்றி இருக்கின்றனர். கதைபாடுவோர் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லச் சொல்ல, அவரவர் உயிர்பெற்று நிமிர்கின்றனர். அந்நாடகத்தின் பெயர் ‘கனதெஹோன் சூஷிங்குரா’. ‘சூஷிங்குரா’ என்பதற்கு உண்மைத் தொண்டர்களின் கருவூலம் என்று பொருள் கூறலாம்.

1748ஆம் ஆண்டு ஒசாக்கா நகரின் தக்கேமோட்டோ அரங்கில் முதன்முதலாக இது நிகழ்த்தப்பட்டது. தக்கேதா இசுமோ, மியோஷி ஷோராக்கு, நமிக்கி சென்ரியு ஆகிய மூவர் இணைந்து பாவைக்கூத்திற்காக இதனை எழுதினர். அவ்வாண்டே கபுக்கி நடிகர்கள் இதனைத் தம் மேடைக்குக் கொண்டுவந்தனர். கொல்லப்பட்ட தலைவனுக்காகப் பழிதீர்க்கும் நாற்பத்தேழு வீரர்களின் கதை என்று கேட்டவுடன், பதினோரு அங்கங்களிலும் வாளோசை நிறைந்திருக்கும் என்றே எவரும் எண்ணுவர். நாடகத்தைக் காண்போர் அறிவது வேறு. இதில் வாள் உருவப்படும் நேரம் மிகக் குறைவு. உருவ விரும்பும் கை அடங்கியிருக்கும் நேரமே மிகுதி. இதற்கான விடை, நாடகத்திற்கு வித்தாக அமைந்த வரலாற்று நிகழ்விலேயே இருக்கிறது.

பைன்மரத் தாழ்வாரம்

1701ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள். இன்றைய டோக்கியோவாகிய எடோ நகரில், நாட்டின் உண்மையான ஆட்சியாளரான ஷோகன் தோக்குகவா சுனயோஷியின் கோட்டை. கியோட்டோவில் வாழ்ந்த பேரரசரின் தூதர்கள் அங்கு வந்திருந்தனர். ஷோகன் தம் அன்னைக்குப் பேரரசவையின் உயர்பட்டம் ஒன்றைப் பெற முயன்றுவந்த காலம் அது. ஆகவே விருந்தோம்பலில் சிறு குறையும் நேரக்கூடாது. தூதர்களை உபசரிக்கும் பொறுப்பு, அக்கோ என்னும் கடலோரச் சிற்றரசின் தலைவராகிய அசானோ நகனோரியிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அரசவைச் சடங்கு முறைகளில் அவருக்கு வழிகாட்டவேண்டியவர் கிரா யோஷினாக்கா என்னும் முதியவர்.

பைன்மர ஓவியங்கள் வரையப்பட்ட நீண்ட தாழ்வாரத்தில், அசானோ திடீரெனத் தம் குறுவாளை உருவிக் கிராவை வெட்டினார். நெற்றியிலும் முதுகிலும் காயங்கள் ஏற்பட்டன, கிரா சாகவில்லை. சாமுராய் இடையில் இரு வாள்கள் இருப்பது வழக்கம். நீண்ட வாளைக் கோட்டையின் உள்ளே அணிந்து செல்லலாகாது என்பதால், அன்று அசானோவின் இடையில் இருந்தது குறுவாள் ஒன்றே. குறுவாள் குத்துவதற்கு ஏற்றதேயன்றி வீசி வெட்டுவதற்கு ஏற்றதன்று. 1615ஆம் ஆண்டு ஒசாக்காக் கோட்டை வீழ்ந்தபின் நாட்டில் பெரும்போர்கள் அரிதாயின. வாள் என்பது போர்க்கருவி என்ற நிலையிலிருந்து குடிப்பெருமையின் அடையாளம் என்ற நிலைக்கு வந்துவிட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அசானோ. மீண்டும் வெட்டும்முன், கஜிக்காவா யொசோபேய் என்னும் அலுவலர் பின்னிருந்து அவரை இறுகப் பிடித்துக்கொண்டார். இந்தப் பிடி பின்னர் நாடகத்தில் பெரும் பொருள் பெறுகிறது.

அசானோ ஏன் வெட்டினார்? தமக்குக் கிராவின்மேல் மனக்கறுவு இருந்தது என்பதற்குமேல் அவர் விளக்கம் எதையும் விட்டுச்செல்லவில்லை. கையூட்டு, அவமதிப்பு, உப்புத்தொழில் போட்டி எனப் பிற்காலத்தார் பல காரணங்களைக் கற்பித்தனர். காரணம் எதுவாயினும் கோட்டைக்குள் வாளை உருவியது பெருங்குற்றம். அன்று மாலையே தம் வயிற்றைத் தாமே கிழித்துக்கொண்டு இறக்கும் ‘செப்புக்கு’ என்னும் தண்டனை அசானோவுக்கு விதிக்கப்பட்டது. ஒரு சிற்றரசருக்குரிய மதிப்புடன் மாளிகையின் உள்ளே அன்றி, தமுரா என்னும் தலைவரின் மாளிகைத் தோட்டத்தில் அது நிறைவேற்றப்பட்டது. பூசலிட்ட இருதரப்பையும் ஒறுப்பது ஜப்பானில் நெடுங்காலம் போற்றப்பட்ட நெறி. கிராவோ வாளை உருவவில்லை. எனவே அவர்மேல் குற்றமில்லை எனத் தீர்ப்பாயிற்று. ஒரே நாளில் எழுதப்பட்ட இந்த ஒருபக்கத் தீர்ப்பிலிருந்தே எஞ்சிய கதை முழுவதும் கிளைக்கிறது.

கணக்கேட்டில் ஒரு போர்

தலைவர் இறந்தார், அவருடைய நாடும் பறிமுதல் செய்யப்பட்டது. 50,000 கோக்கு விளைச்சல் மதிப்புடையது அக்கோ. கோக்கு என்பது ஓர் ஆள் ஓராண்டு உண்ணும் அரிசியின் அளவு. சாமுராய்களின் ஊதியமும் அரிசியாலேயே கணக்கிடப்பட்டது. செஞ்சோற்றுக்கடன் என்னும் தமிழ்ச்சொல் அவர்கள் நிலைக்குச் சொல்லளவிலும் பொருந்துகிறது. ஏறத்தாழ 300 வீரர்கள் ஒரே நாளில் சோறும் தலைவனும் இழந்து ‘ரோனின்’ ஆயினர். தலைவன் இல்லாத சாமுராயை அச்சொல் குறிக்கும்.

செய்தி எட்டியதும் அக்கோக் கோட்டையில் கருத்து பிளவுபட்டது. கோட்டையைக் கொடாமல் போரிட்டு மடியவேண்டும் என்றனர் சிலர். பணிந்து விலகவேண்டும் என்றனர் வேறு சிலர். எடோவிலிருந்து விரைந்துவந்தோரோ உடனே கிராவின் தலையை எடுக்கவேண்டும் எனத் துடித்தனர். அவர்களுள் ஒருவர் ஹொரிபே யசுபேய். 1694ஆம் ஆண்டு தக்கதானோபாபா என்னுமிடத்தில் நடந்த வாட்போரால் எடோ நகரெங்கும் புகழ்பெற்றவர் அவர்; அக்கோ வீரர்களுள் வாள்திறனில் தலைசிறந்தவர்.

ஆனால் முடிவெடுக்கவேண்டியவர் வாள்வீரர் அல்லர். தலைமை அமைச்சராகிய ஓயிஷி குரானோசுகே. அவர் முதலில் செய்தது ஆரவாரமற்ற ஒரு செயல். அக்கோ அரசு வெளியிட்டிருந்த தாள்பணம் செல்லாக்காசாகிவிடும் என வணிகர்கள் அஞ்சினர். முகமதிப்பில் பத்தில் ஆறுபங்கை வெள்ளியாகத் திருப்பித்தந்து அந்த அச்சத்தை அடக்கினார் ஓயிஷி. பின்னர்க் கோட்டையைப் போரின்றி ஒப்படைத்தார். அசானோவின் இளவல் தைகாக்குவைத் தலைவராக்கிக் குடியை மீட்குமாறு ஆட்சியாளருக்கு முறையீடு செய்துகொண்டே, கியோட்டோவை அடுத்த யமஷினாவில் குடியேறினார்.

ஓயிஷியின் இக்காலத்து நடத்தையைப் பலர் இருமுகமுடையதாகக் கருதுவர். உண்மையில் அதில் ஓர் ஒழுங்கு உண்டு. குடி மீளும் வாய்ப்பு இருக்கும்வரை கிராவைத் தொடுவது தலைவனின் குடும்பத்தையே அழிக்கும் செயல் ஆகும். ஆகவே ஹொரிபே போன்றோரை மடல்மேல் மடல் எழுதி அவர் அடக்கிவைத்தார். 1702ஆம் ஆண்டு தைகாக்கு ஹிரோஷிமாவுக்கு அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டபோது அந்த வாய்ப்பு முற்றிலும் மறைந்தது. அதன்பின்னரே ஓயிஷி பழிதீர்க்கும் முடிவுக்கு வந்தார். தொடக்கத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உறுதிமொழியில் கையொப்பமிட்டிருந்தனர். காலம் நீள நீள, வறுமையும் குடும்பமும் அச்சமும் ஒவ்வொருவராக விலக்கின.

இத்திட்டத்திற்கான செலவினங்களை ஓயிஷி ஒரு கணக்கேட்டில் குறித்துவைத்தார். பயணச் செலவு, வாடகை, வறுமையுற்ற வீரர்களுக்கு உதவி என ஏறத்தாழ 700 ரியோ பொன் அதில் வரவுசெலவாக உள்ளது. தாக்குதலுக்குச் சற்றுமுன் அந்தக் கணக்கேட்டை அசானோவின் துணைவியாரிடம் சேர்ப்பித்தார். வீரகாவியத் தலைவர்களுள் வரவுசெலவுக் கணக்கை ஒப்படைத்துவிட்டுப் போருக்குச் சென்றவர் மிகச் சிலரே இருப்பர்.

எதிர்த்தரப்பும் வாளாவிருக்கவில்லை. கிராவின் மகன், பெருங்குடியாகிய உவெசுகிக் குடிக்குத் தத்துச்சென்று யொனெசாவா நாட்டை ஆண்டுகொண்டிருந்தார். அவருடைய வீரர்கள் உதவிக்கு வரக்கூடும். கிரா சுமிதா ஆற்றுக்கு அப்பால் புதிய மாளிகைக்கு மாறியிருந்தார். அவர் எந்த இரவில் வீட்டில் இருப்பார் என்பதை அறிவதே கடினமாயிற்று. ஓத்தாக்கா கெங்கோ என்னும் வீரர் வணிகர்போல் பெயர் மாற்றிக்கொண்டு, கிராவுடன் பழகும் தேநீர்க்கலை ஆசானிடம் மாணவராகச் சேர்ந்தார். தேநீர் விருந்து நடைபெறும் நாள் அவர் மூலமே உறுதியாயிற்று.

பனி படிந்த இரவு

1703ஆம் ஆண்டு ஜனவரி இறுதி. பனி படிந்திருந்த வைகறைப் பொழுதில் நாற்பத்தேழுபேர் இரு பிரிவாகக் கிராவின் மாளிகையை அடைந்தனர். முன்வாயிலில் ஓயிஷி, பின்வாயிலில் பதினைந்து வயதேயான அவருடைய மகன் சிக்காரா. அவர்கள் கையில் வாள்கள் மட்டுமன்றி ஈட்டிகள், விற்கள், ஏணிகள், சம்மட்டிகள் ஆகியனவும் இருந்தன. கிராவைக் காண்பவர் ஊதவேண்டிய ஊதல்கூட முன்னரே வரையறுக்கப்பட்டிருந்தது. இது தனிவீரர் இருவர் எதிரெதிர் நின்று திறன்காட்டும் வாட்போர் அன்று, திட்டமிட்ட முற்றுகை. கிராவின் தரப்பில் பதினைந்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தாக்கியோரில் ஒருவரும் இறக்கவில்லை.

கிரா கரி சேமிக்கும் அறையில் ஒளிந்திருக்கக் கண்டனர். பழைய வடுவைக்கொண்டு அவரை அடையாளம் உறுதிசெய்தனர். அவருடைய தலையை எடுத்துக்கொண்டு நகரின் குறுக்கே நடந்து, அசானோ அடக்கம் செய்யப்பட்டிருந்த செங்ககுஜிக் கோயிலை அடைந்தனர். கிணற்று நீரில் தலையைக் கழுவித் தலைவன் கல்லறைமுன் வைத்தபின், தம் செயலை ஆட்சியாளருக்குத் தாமே அறிவித்துத் தீர்ப்புக்குக் காத்திருந்தனர்.

அறமா, குற்றமா?

காத்திருந்தோரை என்செய்வது என ஆட்சி திகைத்தது. நான்கு சிற்றரசர்களின் மாளிகைகளில் அவர்கள் பிரித்துக் காவலில் வைக்கப்பட்டனர். ஹொசோகாவாக் குடியினர் அவர்களைக் கைதிகளாக அன்றி விருந்தினராகவே நடத்தினர். தலைவனுக்காக உயிரையும் தருவதே சாமுராய் அறம் என்று ஆட்சியே கற்பித்துவந்தது. அவ்வறத்தைப் பின்பற்றியோரை ஒறுத்தால் கற்பித்தது பொய்யாகும். விடுவித்தால், ஆட்சியின் தீர்ப்பை எவரும் வாளால் திருத்தலாம் என்றாகும்.

இறுதியில் அறிஞர் ஒக்யூ சொராயின் கருத்தாகக் கூறப்படும் வழி மேற்கொள்ளப்பட்டது. அவர்கள் செயல் தம்மளவில் பெருமைக்குரியதாயினும் நாட்டுச்சட்டத்தை மீறியது. எனவே இறக்கத்தான்வேண்டும். ஆயினும் குற்றவாளிகளைப்போல் தலைவெட்டப்படாமல், மானமுள்ள வீரர்க்குரிய செப்புக்கு முறையில் இறக்கலாம். 1703 மார்ச் 20 அன்று நாற்பத்தாறுபேர் அவ்வாறே இறந்தனர். எஞ்சிய ஒருவர் தெரசாகா கிச்சியெமோன். காலாள் நிலையிலிருந்த எளிய வீரராகிய அவர், தாக்குதலுக்குப்பின் குழுவைவிட்டு நீங்கினார். கிராவின் வளர்ப்பு மகனாகிய பேரனும், பாட்டனைக் காக்கத் தவறினார் எனக் குற்றம்சாட்டப்பட்டுச் சுவா நாட்டுக்கு அனுப்பப்பட்டுக் காவலில் வைக்கப்பட்டார். முதல் தீர்ப்பில் விடுபட்ட மறுதரப்பு இரண்டாம் தீர்ப்பில் சேர்க்கப்பட்டதை இங்குக் கருதலாம்.

மக்கள் இவர்களைப் போற்றினர். அறிஞர் அனைவரும் போற்றினர் எனக் கூற இயலாது. சத்தோ நவோகத்தா, அசானோவைக் கொன்றது சட்டமேயன்றிக் கிரா அல்லர்; அவ்வாறிருக்கக் கிரா எவ்வாறு பழிக்குரிய பகைவர் ஆவார் என வினவினார். தசாய் ஷுந்தாய், வீரர்களின் சினம் ஆட்சியின்மேல் பாய்ந்திருக்கவேண்டும். அக்கோக் கோட்டையிலேயே போரிட்டு மடிந்திருக்கவேண்டும் என்றார். ‘ஹககுரே’ என்னும் நூலில் யமமோட்டோ சுனெதொமோவின் குறை வேறுவகையானது. இத்தனை மாதம் காத்திருந்தார்களே, இடையில் கிரா நோயுற்று இறந்திருந்தால் என்செய்திருப்பர் என்பது அவர் வினா. காத்திருத்தலையே இழுக்காகக் கருதிய அவ்வினா எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாடகம் அதற்குத் தரும் விடையைத்தான் இனிக் காணவேண்டும்.

பெயர் மாறிய கதை

சாமுராய் குடிகளைப் பற்றிய அண்மைக்கால நிகழ்ச்சிகளை மேடையேற்ற ஆட்சி தடைவிதித்திருந்தது. நாடக ஆசிரியர்கள் கதையைப் பதினான்காம் நூற்றாண்டுக்கு நகர்த்தினர். ‘தைஹெய்க்கி’ என்னும் பழைய போர்க்காப்பியத்திலிருந்து பெயர்களை எடுத்துக்கொண்டனர். கிரா ‘கோ நோ மோரோநாவோ’ ஆனார். அசானோ ‘என்யா ஹங்கான்’ ஆனார். ஓயிஷி குரானோசுகே ‘ஓபோஷி யுரானோசுகே’ ஆனார். திரை மெல்லியது, எடோவில் எவரும் ஏமாறவில்லை. என்யா என்னும் பெயரின் முதலெழுத்து உப்பைக் குறிக்கும். அக்கோ உப்பளங்களுக்குப் பெயர்பெற்ற ஊர். ஓயிஷி ‘பெருங்கல்’ எனப் பொருள்படும், ஓபோஷி ‘பெருவிண்மீன்’. தலைப்பிலுள்ள ‘கன’ என்பது ஜப்பானிய அசையெழுத்தைச் சுட்டும். மரபான நெடுங்கணக்கில் அவ்வெழுத்துகள் நாற்பத்தேழு, வீரர்களும் நாற்பத்தேழுபேர். தாழ்வார நிகழ்வுக்கும் நாடக அரங்கேற்றத்திற்கும் இடைப்பட்ட ஆண்டுகளும் நாற்பத்தேழு என்பது தற்செயல் ஒற்றுமை. உயிரோடிருந்த கடைசி வீரர் தெரசாகா இறந்தது 1747ஆம் ஆண்டில். மறு ஆண்டே நாடகம் வந்தது.

வரலாறு சொல்லாத காரணத்தை நாடகம் படைத்துக்கொண்டது. மோரோநாவோ, ஹங்கானின் மனைவி கவோயோவை விரும்புகிறான், மறுக்கப்படுகிறான். ஆனால் முதலில் அவனைக் கொல்லத் துணிபவன் ஹங்கான் அல்லன். வக்காசானோசுகே என்னும் வேறொரு தலைவன். அவனுடைய முதிய அமைச்சர் ஹொன்சோ, தலைவனின் துணிவைப் புகழ்வதுபோல் பைன்மரக் கிளையொன்றை வாளால் வெட்டிக் காட்டுகிறார். பின்னர் யாருமறியாமல் குதிரையேறிச் சென்று மோரோநாவோவுக்குக் கையூட்டைக் குவிக்கிறார். மறுநாள் கொல்ல வந்த வக்காசானோசுகேயின் காலில் மோரோநாவோ விழாத குறையாகப் பணிகிறான். அடக்கிய வெறுப்பு முழுவதையும் அவன் ஹங்கான்மேல் கொட்டுகிறான். கிணற்றில் வளர்ந்த சிறுமீன் ஆற்றில் விடப்பட்டால் பாலத்தின் தூணில் முட்டிச் சாகுமே, அந்த மீன் நீ என்கிறான். கிணற்றுத்தவளையை அறிந்த தமிழர்க்கு இந்த ஏளனத்தின் கூர்மை விளங்கும். ஹங்கான் பொறுக்கிறார், மீண்டும் பொறுக்கிறார், கடைசியில் வாள் வெளிவருகிறது. பின்னிருந்து அவரைப் பிடித்து நிறுத்துபவர் ஹொன்சோ.

ஒரு தலைவனைக் காப்பாற்றிய தந்திரம் மற்றொரு தலைவனைக் கொல்கிறது. அரசியல் சூழ்ச்சியை நாடகம் இவ்வளவு நுணுக்கமாகக் காட்டுவது வியப்பளிக்கிறது. இங்குக் கொடியவன் ஒருவனே. கேட்டை விளைத்ததோ நல்லவர் ஒருவரின் முன்னெச்சரிக்கை.

நான்காம் அங்கத்தில் ஹங்கானின் இறப்பு. இக்காட்சி நடக்கும்போது தாமதமாக வருவோரை அரங்கினுள் விடலாகாது என்பது கபுக்கி வழக்கம். வெண்ணிற உடையில் அமர்ந்திருக்கும் ஹங்கான், யுரானோசுகே வந்துவிட்டாரா எனக் கேட்கிறார். யுரானோசுகேயின் மகன் ரிக்கியா, இன்னும் இல்லை என்கிறான். குறுவாள் உடலில் பாய்ந்தபின்னரே யுரானோசுகே ஓடிவருகிறார். அந்தக் குறுவாளையே நினைவுப்பொருளாக ஹங்கான் அவரிடம் விடுகிறார். பழிதீர்க்க வேண்டும் என்று வெளிப்படச் சொல்ல இயலாத அவையில், பொருளே சொல்லாகிறது. பின்னர்க் கோட்டைவாயிலில் இளைய வீரர்கள் வாளைப்பற்றி ஆர்ப்பரிக்க, யுரானோசுகே அவர்களை அடக்கி அனுப்புகிறார். தனித்து நின்று குருதி தோய்ந்த குறுவாளை எடுத்துப் பார்க்கிறார். மேடையில் கோட்டைவாயில் மெல்ல மெல்லப் பின்னோக்கிச் சென்று சிறிதாகிறது. சொல் ஒன்றும் இல்லை.

துருப்பிடித்த வாள்

நாடகத்தின் உயிர்நிலை ஏழாம் அங்கமே ஆகும். கியோட்டோவின் கிஓன் பகுதியிலுள்ள இச்சிரிக்கி என்னும் களியாட்ட மனையில் யுரானோசுகே குடித்துக் கூத்தாடிக்கொண்டிருக்கிறார். கண்ணைக் கட்டிக்கொண்டு பெண்களோடு விளையாடுகிறார். பழைய தோழனாகிய குதாயு அங்கு வருகிறான். இப்போது அவன் மோரோநாவோவின் ஒற்றன். மறுநாள் தலைவனின் நினைவுநாள். முந்திய இரவு புலால் விலக்கவேண்டும் என்பது நெறி. குதாயு ஆக்டோபஸ் துண்டு ஒன்றை எடுத்து நீட்டுகிறான். யுரானோசுகே சிரித்துக்கொண்டே அதை உண்கிறார். அவர் மறந்துவைத்துப்போன வாளைக் குதாயு உருவிப்பார்க்கிறான்; முழுதும் துரு. இவன் இனிப் பழிதீர்க்கமாட்டான் என முடிவுசெய்கிறான்.

சாமுராயின் உயிர் வாள் எனப்படும். அதனைத் துருப்பிடிக்கவிட்டவன் மானமிழந்தவன். யுரானோசுகே தம் மானத்தையே மாறுவேடமாக அணிந்திருக்கிறார். எதிரியை வெல்வதற்குமுன் ஊரார் ஏளனத்தைத் தாங்கவேண்டும். தம்மைச் சேர்ந்தோரின் வெறுப்பையும் தாங்கவேண்டும். புலால் உண்ணும் அந்தக் கணத்தில் நடிகரின் முகத்தில் சிரிப்பும் துயரமும் ஒருங்கே தோன்றவேண்டும் என்பதால், இப்பாத்திரம் தலைசிறந்த நடிகர்க்கே உரியதாகக் கருதப்படுகிறது. காத்திருந்தது இழுக்கு என்ற யமமோட்டோவின் குறைக்கு நாடகத்தின் விடை இதுவே. பாய்வதைவிடக் காத்திருப்பதற்கே மிகுந்த மனவலிமை வேண்டும் என்பதை அது வாதிடவில்லை. மேடையில் நிகழ்த்திக் காட்டுகிறது.

அதே அங்கத்தில் கவோயோவின் மறைமடல் ஒன்றை யுரானோசுகே விளக்கொளியில் படிக்கிறார். மாடியிலிருந்து ஓக்காரு என்னும் பெண் கண்ணாடியில் அதனைப் பார்த்துவிடுகிறாள். திண்ணைக்கடியில் ஒளிந்திருக்கும் குதாயு, தொங்கும் மடலின் கீழ்ப்பகுதியைப் படிக்கிறான். ஒரு மடலை மூவர் படிக்கும் இக்காட்சி ஜப்பானிய ஓவியர்கள் மீண்டும் மீண்டும் வரைந்த ஒன்று. இரகசியம் அறிந்த ஓக்காரு சாகவேண்டும் என்ற நிலையில், அவள் அண்ணன் ஹேய்யெமோன் தானே அவளைக் கொல்ல முன்வருகிறான். காலாளாகிய அவனுக்குப் பழிதீர்க்கும் குழுவில் இடம் வேண்டும். வரலாற்றுத் தெரசாகாவின் சாயலில் அமைந்த பாத்திரம் அவன். இருவர் உள்ளத்தையும் கண்ட யுரானோசுகே தடுக்கிறார். ஓக்காருவின் கையில் வாளைப் பிடிக்கச்செய்து, தரைப்பலகையின் வழியே கீழிருக்கும் குதாயுவைக் குத்தவைக்கிறார். துருப்பிடித்த வாளின் அங்கத்தில் குருதி காண்பது ஒரு பெண்ணின் கைவாளே.

வாளின் நிழலில் வாழ்ந்தோர்

ஓக்காரு அந்த மனைக்கு வந்த கதை துயரமானது. அவள் கணவன் கம்பேய், தலைவனுக்கு இடர் நேர்ந்தவேளையில் அவளோடு இருந்துவிட்டவன். அக்குற்றத்தைப் போக்கப் பழிதீர்க்கும் நிதிக்குப் பணம் தரவேண்டும் என விரும்புகிறான். அவனுக்காகவே ஓக்காரு விற்கப்படுகிறாள். முன்பணத்துடன் இருளில் திரும்பும் அவள் தந்தையைச் சதக்குரோ என்னும் கள்வன் கொல்கிறான். காட்டுப்பன்றி என நினைத்து அந்தக் கள்வனைச் சுட்டுவிடும் கம்பேய், இருளில் பணத்தை எடுத்துவருகிறான். பின்னர் மாமனாரைக் கொன்றவன் தானே என நம்பித் தன்னைக் குத்திக்கொள்கிறான். அதன்பிறகே பிணத்தின் புண்ணை ஆராய்கின்றனர். அது குண்டு துளைத்த புண் அன்று; வாள் வெட்டிய புண். சாகும் தறுவாயில் அவன் பெயர் வீரர் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. புண்ணை முதலில் பார்த்திருந்தால் என்ற ஏக்கம் அரங்கில் எஞ்சுகிறது.

ஹொன்சோவும் மீண்டும் வருகிறார். அவர் மகள் கொனாமி, ரிக்கியாவுக்கு மணம் பேசப்பட்டவள். ஹங்கானைப் பிடித்து நிறுத்தியவரின் மகளை யுரானோசுகேயின் குடும்பம் ஏற்க மறுக்கிறது. பனி சூழ்ந்த யமஷினா வீட்டில் ஹொன்சோ வேண்டுமென்றே வசைபாடி, ரிக்கியாவின் ஈட்டிக்குத் தம்மை இரையாக்குகிறார். எதிரி சாகாவிட்டால் ஹங்கானும் சாகநேராது என்று எண்ணித்தான் பிடித்தேன் எனக் கூறி, மோரோநாவோ மாளிகையின் வரைபடத்தைத் தந்து இறக்கிறார். வரலாற்றில் கஜிக்காவா அந்தப் பிடிக்காக 500 கோக்கு கூடுதல் ஊதியம் பெற்றார். நாடகமோ அவருக்கு மனச்சான்றைத் தந்தது.

பத்தாம் அங்கத்தில் படைக்கலம் வாங்கித்தரும் வணிகர் கிஹேய், மகனைக் கொல்வதாக மிரட்டியும் வாய்திறப்பதில்லை. வணிக நகரமாகிய ஒசாக்காவின் பார்வையாளர்களுக்கு இது எத்துணை இனித்திருக்கும் என எண்ணிப்பார்க்கலாம். கிஹேயின் கடைப்பெயரைப் பிரித்தே தாக்குதல் இரவின் அடையாளச்சொற்களாக யுரானோசுகே அமைக்கிறார். இவ்வளவும் முடிந்தபின் வரும் பதினோராம் அங்கத்தின் தாக்குதல் விரைவாக முடிந்துவிடுகிறது.

அரங்கின் அருமருந்து

கூட்டம் குறைந்து தளர்ந்த அரங்கையும் சூஷிங்குரா பிழைக்கவைக்கும் என்பதால், நாடகத்துறையினர் இதனை நோய்தீர்க்கும் வேர்மருந்தாகிய ஜின்செங்குக்கு ஒப்பிட்டனர். சிறுபாத்திரங்களும் இதில் பெருவாழ்வு பெற்றன. 1766ஆம் ஆண்டு நக்கமுரா நக்கசோ என்னும் நடிகர், கரடுமுரடான கள்வனாகவே நடிக்கப்பட்டுவந்த சதக்குரோவை, கருநிற உடையும் வெளுத்த முகமும் கொண்ட வறிய ரோனினாக மாற்றினார். சில நிமிடங்களே மேடையில் தோன்றும் அப்பாத்திரம் அன்றுமுதல் பெரும்நடிகர் விரும்பும் ஒன்றாயிற்று.

இரண்டாம் உலகப்போருக்குப்பின் ஜப்பானை ஆண்ட நேசநாட்டுப் படையினர், பழிதீர்ப்பையும் தலைவனுக்கான உயிர்த்தியாகத்தையும் போற்றுகிறது எனக் கருதி இந்நாடகத்தைத் தடைசெய்தனர். 1947ஆம் ஆண்டு அது மீண்டும் மேடையேறியது. போர்க்காலத்தில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறானது. வீரர்களுக்கு ஊக்கமூட்டும் என எதிர்பார்க்கப்பட்ட சூஷிங்குராத் திரைப்படம் ஒன்றை இயக்குநர் மிசோகுச்சி கென்ஜி 1941, 1942ஆம் ஆண்டுகளில் இரு பகுதிகளாக எடுத்தார். ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் அப்படத்தில் கிராவின் மாளிகை தாக்கப்படும் காட்சி இல்லை. அசானோவின் துணைவியார்முன் ஒரு மடல் படிக்கப்படுகிறது. பனிநாளின் அமைதியில் அந்த அம்மையார் அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.